காரில் பிழை இல்லை

மகனே,

சனிக்கிழமை காரைப் பார்க்க வருகிற மனிதனை வரவேண்டாம் என்று சொல்லிவிடு. இதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். மிச்சமெல்லாம் ஏன் அப்படிச் சொல்கிறேன் என்பதற்கான விளக்கம். போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் நான் தொடங்கினால் நீ "ஓகே பப்பா, ஓகே" என்பாய், நான் விஷயத்துக்கு வருவதற்குள் உனக்கு வேலையிடத்திலிருந்து இன்னொரு அழைப்பு வந்துவிடும். அதனால் உன் அம்மாவைக் குசினி மேசையில் இருத்தி, நான் சொல்லச் சொல்ல எழுதச் செய்திருக்கிறேன். எனக்கு எழுத்துத் தெரியாது என்பது உனக்குத் தெரிந்ததுதான். நான் சொல்வதைத்தான் எழுதவேண்டும், தன் கருத்தைச் சேர்க்கக்கூடாது என்று அவளிடம் வாக்கு வாங்கியிருக்கிறேன். "சேர்க்காமல் விட்டால் இது விளங்குமோ எண்டு பாப்பம்" என்கிறாள். அதையும் எழுதச் சொன்னேன். நீ சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் படித்த படிப்புக்கு எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பாய். மெதுவாக வாசி. எங்காவது தட்டினால் கிளேரிடம் கொடு. பாண்டிச்சேரிப் பிள்ளை, உன்னைவிட நன்றாகத் தமிழ் வாசிப்பாள். அடுத்த மாதம் உனக்கு மனைவியாகப் போகிறவள். அன்றைக்குப் பின் சீட்டில் இருந்தவளும் அவள்தான். இதை வாசிக்க அவளுக்கு உரிமை இருக்கிறது. உன் வயதுப் பிள்ளைகள் இருக்கிற வேறு வீடுகளில் இதை வாசித்தாலும் எனக்கு ஆட்சேபனை இல்லை.

அந்தக் காரை நீ கொண்டுவந்து நிறுத்திய அன்று உன் அம்மா கேட்டது ஞாபகம் இருக்கிறதா? "இதென்ன தம்பி, கப்பலோ?" என்றாள். உன்னைவிட வயது கூடிய அமெரிக்கக் கார். முன் மூடி மட்டும் ஒரு கட்டில் நீளம். எட்டு சிலிண்டர் எஞ்சின் உறுமினால் பாரிசின் தமிழ்க்கடைத் தெருவான ரூ காயில், கடைக்கு வெளியே தொங்குகிற வாழைக்குலை ஆடும். பள்ளிக்கூடம் போகிற காலத்தில் உன் கட்டிலுக்கு மேலே அந்தக் காரின் படம் ஒட்டியிருந்தாய். மழை ஒழுக்கில் சுவர் ஊறிப் படம் பாதி கிழிந்த பிறகும் கழற்ற விடவில்லை. வருடக்கணக்காக ஆசைப்பட்டு வாங்கினாய். நாங்கள் எங்களுக்குத் தெரிந்த முறையில் அதை வரவேற்றோம். தேங்காய் உடைத்தோம், நாலு சில்லுக்கும் கீழே நாலு தேசிக்காய் வைத்து ஏற்றி நசித்தோம், அம்மா சின்னப் பிள்ளையார் ஒன்றை முன்னுக்கு ஒட்டினாள். பிள்ளையார் ஏறிய வண்டிக்குள் செருப்போடு ஏற எனக்கு மனம் வரவில்லை. செருப்பைக் கழற்றிச் சீட்டுக்குக் கீழே தள்ளிவிட்டு வெறுங்காலோடுதான் ஓட்டினேன். "பப்பா, இது கார், கோயில் இல்லை" என்று நீ பிரெஞ்சில் சொல்லிச் சிரித்தாய். நான் தமிழில் கேட்காத மாதிரி இருந்தேன்.

பிறகு நீ சொன்னாய், "சும்மா நிண்டால் பற்றரி இறங்கிடும் பப்பா, வேலை நாளிலை நீங்கள் கொஞ்சம் ஓட்டுங்கோ." பென்சன் எடுத்த பிறகு எனக்கு யாரும் தந்த பரிசுகளில் அதுதான் பெரியது. மகனே, நான் இந்த நாட்டில் வேறு எதற்கும் பேர் எடுத்தவனில்லை. ஓட்டுக்குப் பேர் எடுத்தவன். பலசரக்குக் கடையின் சின்ன லொறியை, கமியோனெத்தை எடுத்துக்கொண்டு விடிவதற்கு முன் ரன்ஜிஸ் மொத்தச் சந்தைக்குப் போய், முருங்கைக்காயும் கத்தரிக்காயும் ஏற்றிக்கொண்டு கடை திறக்கிற நேரத்துக்கு ரூ காயில் நிற்பேன். எழுத்துத் தெரியாதவன் பெர்மி, அதாவது வாகன அனுமதிப் பத்திரம், எடுத்த கதையும் உனக்குத் தெரியும். சோதனை மண்டபத்தில் படம் ஒன்றைச் சுவரில் போடுவார்கள், கேள்வியை ஒரு பெண் குரல் வாசிக்கும், கையில் உள்ள பெட்டியில் பதிலை அமத்தவேண்டும். நான் வகுப்பில் ஒவ்வொரு படத்தையும் அதன் பதிலோடு மனதில் அடுக்கி வைத்திருந்தேன். நீலக் காருக்குப் பின்னால் சைக்கிள்காரன் வந்தால் இரண்டாவது பொத்தான். அந்தப் படங்கள் இன்றைக்கும் வரிசை பிசகாமல் எனக்குள் ஓடும். அந்தப் பெர்மியை நான் சட்டைப் பையில் வைத்துத்தான் சந்தைக்குப் போவது, கடைக்குப் போவது எல்லாம்.

ஆகவே உன் காரை எடுத்துக்கொண்டு, மேலே மெத்ரோ ஓடுகிற பெருந்தெருவில் ஸ்டாலின்கிராட் மெத்ரோ நிலையம் வரை போய்த் திரும்பி, வேண்டுமென்றே ரூ காய்க்குள் மெதுவாக விட்டு வருவேன். தேத்தண்ணிக் கடை வாசலில் நிற்கிறவர்கள் சும்மா இருப்பார்களா? "அண்ணை, படப்பிடிப்போ?" என்பார்கள். "ஓம், கதாநாயகி இன்னும் வரேல்லை. அதுதான் சுத்திச் சுத்தி வாறன்" என்பேன். எழுதிக்கொண்டிருக்கிற உன் அம்மா இந்த இடத்தில் பேனையை வைத்துவிட்டு என்னைப் பார்க்கிறாள். இருக்கட்டும். ஒருநாள் நீ வந்து, கலியாணத்தன்று கோயிலிலிருந்து சென் தெனியில் உள்ள மண்டபம் வரை உங்கள் இருவரையும் இந்தக் காரில் நான்தான் ஏற்றிப் போகவேண்டும் என்று கேட்டாய். நான் "பாப்பம்" என்று மட்டும் சொன்னேன். சொல்லிவிட்டு முகம் வழிக்கப் போனேன். அன்று காலையிலும் வழித்த முகம் அது.

அதன் பிறகுதான் பிரேக் குறையத் தொடங்கியது. முதலில் நான் ஒருவரிடமும் சொல்லவில்லை. நின்றுகொண்டுதான் இருந்தது, கொஞ்சம் பிந்தி நின்றது. பிறகு மிதியைக் கூட அழுத்தவேண்டி வந்தது. உன்னிடம் சொன்னேன், நீ குகனிடம் கொண்டுபோனாய். சென் தெனியில் கராஜ் வைத்திருக்கிற குகனை உனக்குத் தெரியும், ஆனால் அவன் வேலை செய்வதைப் பக்கத்தில் நின்று பார்த்தவன் நான். நல்ல டொக்டர் மாதிரி ஒன்றொன்றாகக் கேட்டுக்கொண்டு போவான். எஞ்சினை நிற்பாட்டி வைத்து மிதியைப் பல தரம் மிதித்தான், அப்படியே காலை வைத்துக்கொண்டு எஞ்சினைப் போட்டான். மிதி கொஞ்சம் கீழே இறங்கியது. "பூஸ்டர் சரி அண்ணை, காத்து இழுக்குது." பிறகு அழுத்திப் பிடித்துக்கொண்டே இருந்தான். மிதி அதற்கு மேல் போகவில்லை. "எண்ணெய் பம்பும் சரி. எங்கையும் ஒழுக்கில்லை." கடைசியாகச் சில்லைக் கழற்றி டிரம்மைத் திறந்தான். உள்ளே இருக்கிற பிரேக் கட்டைகள் கரடாக இருக்கவேண்டும். அவை கண்ணாடி மாதிரி மினுங்கின. விரலை வைத்தால் வழுக்கியது. "இது தேய்ஞ்சதில்லை அண்ணை, வெந்தது. ஹேண்ட் பிரேக்கை எடுக்காமல் ஆரும் ஓட்டினதோ?" என்றான். எனக்குக் கோபம் வந்தது. "நான் ஹேண்ட் பிரேக் எடுக்காமல் ஓட்டுறவனோ?" என்றேன். அவன் புதுக் கட்டை போட்டான்.

புதுக் கட்டை போட்ட காரை ஞாயிற்றுக்கிழமை நீ ஓட்டினாய், ஒரு குறையும் இல்லை. வேலை நாட்களில் நான் ஓட்டினேன், சில கிழமைகளில் பழையபடி. குகன் ரப்பர் குழாய்களை மாற்றினான், சுருள்கம்பிகளை மாற்றினான். உன் வருங்கால மாமனார், மேரி என்கிற நகரசபையில் வேலை பார்த்து பென்சன் எடுத்த நிதானமான மனிதர், ஒருநாள் எங்கள் பின்னால் தன் காரில் வந்தார். இறங்கியதும் என்னிடம் சொன்னார், "மெஸ்யே, உங்க வண்டியில பின்னாடி செவப்பு லைட்டு அணையவே இல்லையே. வழி பூரா எரிஞ்சிக்கிட்டே வருது." நாங்கள் என்ன செய்தோம்? லைட்டின் சுவிட்ச் பழுது என்று முடிவு கட்டி அதையும் மாற்றினோம். அந்த மனிதர் எங்கள் கையில் விடையைத் தந்துவிட்டுப் போனார். நாங்கள் சுவிட்ச் வாங்கப் போனோம்.

மொன்மார்த் மலை இறக்கத்தில் நடந்தது உனக்கும் கிளேருக்கும் தெரியும். ஆனாலும் நான் இருந்த பக்கத்திலிருந்து ஒருமுறை கேள். கலியாணத்துக்கு முன் மேலே வெள்ளைத் தேவாலயத்தடியில் படம் எடுக்கவேண்டும் என்று போனோம். கிளேர் நீலச் சேலை, நீ கோட்டு சூட்டு. படம் எடுத்து முடிந்து இறங்குகிறோம். வளைவுக்கு வளைவு, கல் பாவின ஒடுங்கின தெரு. எனக்கு மிதி கல்லாகத் தெரிந்தது. அழுத்துகிறேன், கால் நிற்கிறது, கார் நிற்கவில்லை. கீழே வெள்ளைக் கோடு போட்ட இடத்தில் ஒரு தாய் பிள்ளைவண்டியைத் தள்ளிக்கொண்டு கால் எடுத்து வைக்கிறாள். நான் கியரைக் கீழே இழுத்தேன், ஹேண்ட் பிரேக்கை இழுத்தேன், கார் கதறிக்கொண்டு கோட்டுக்கு மேலே போய் நின்றது. அவள் பிள்ளைவண்டியைப் பின்னுக்கு இழுத்திருந்தாள். கார் மூடியைப் பார்த்தாள், குனிந்து பிள்ளையைப் பார்த்தாள், போய்விட்டாள். பின் சீட்டிலிருந்து கிளேரின் கை என் தோளில் இருந்தது. "மாமா, உங்க காலு நடுங்குது" என்றாள். நான் "கார் சரியில்லை பிள்ளை" என்றேன்.

அதை நான் அன்று முழுக்கச் சொன்னேன். கார் சரியில்லை, குகன் சரியில்லை, கட்டை மலிவுச் சாமான். குகனின் கராஜுக்கே போய், வேறு வாடிக்கைக்காரர் நிற்க, "பிள்ளையளைக் கொல்லப் பாத்தாய்" என்று கத்தினேன். அவன் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே கேட்டுக்கொண்டு நின்றான். நீ பக்கத்தில் நின்று, "சரி பப்பா. பழைய கார், அப்படித்தான். நான் விக்கிறன். கலியாணத்துக்கு வாடகைக்கு ஒரு வெள்ளைக் கார் எடுப்பம், டிரைவரோடை வரும்" என்றாய். கட்டிலுக்கு மேலே படம் ஒட்டி வளர்ந்த பிள்ளை எப்படி இவ்வளவு சுகமாக விற்கிறேன் என்கிறான் என்று நான் யோசித்திருக்கவேண்டும். யோசிக்கவில்லை. எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது.

அன்று பின்னேரம் அம்மா என் காலைப் பார்த்தாள். என்னைப் போலச் சீனி வருத்தம், நீரிழிவு, உள்ளவர்கள் பாதத்தை ஒவ்வொருநாளும் பார்க்கவேண்டும் என்று டொக்டர் சொன்னதிலிருந்து அவளுக்கு அது ஒரு வேலை. எனக்குப் பிடிக்காத வேலை. இடது பாதத்தைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தவள், "இதென்ன கோடு கோடாய் இருக்கு, சீப்பை வைச்சு அமத்தின மாதிரி?" என்றாள். "செருப்புத் தடம்" என்றேன். அவள் எழும்பிப் போய் என் செருப்பைக் கொண்டுவந்து கவிழ்த்துப் பார்த்தாள். உள்ளும் புறமும் சமதரை. செருப்பைக் கொண்டுபோய் வைத்தாள். நாலைந்து நாள் போனது. பிறகு ஒரு காலைநேரம் வெளிச்சட்டையைப் போட்டுக்கொண்டு, "இஞ்சாருங்கோ, வெளிக்கிடுங்கோ, குகன்ரை கராஜுக்குப் போவம்" என்றாள். "என்னத்துக்கு?" "நான் அந்தக் காருக்குள்ளை ஒருக்கா இருக்கவேணும். விக்க முதல் இருந்து பாக்க ஆசை." அவளுக்கு அந்தக் காரில் ஆசையே கிடையாது.

கராஜின் பின்பக்க வளவில் கார் நின்றது. குகன் என்னைக் கண்டதும், "வாங்கோ அண்ணை" என்றான், ஒன்றும் நடக்காத மாதிரி. அம்மா அவனைக் காரின் பின்னுக்கு நிற்கச் சொன்னாள். தான் எனக்குப் பக்கத்து சீட்டில் ஏறினாள். நான் வழக்கம் போலச் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறி, எஞ்சினைப் போட்டு, வளவைச் சுற்றி மெதுவாக ஓட்டினேன். குகன் பின்னால் நடந்து வந்தான்.

"அண்ணை, பின் லைட் எரியுது."

"நான் பிரேக்கைத் தொடேல்லை."

"எரியுது அண்ணை."

"சுவிட்ச் மாத்தினனி எல்லோ, அது திரும்பப் பழுது."

அம்மா காரை நிறுத்தச் சொன்னாள். நிறுத்தினேன், கியரையும் எடுத்துவிட்டேன். நிறுத்தின காலையும் எடுத்தேன்.

"இப்ப பிரேக்கை விட்டுட்டியளோ?"

"விட்டுட்டன்."

"உங்கடை இடக்கால் எங்கை?"

"எங்கை இருக்கும், கீழை."

"கீழை எண்டால்?"

"தரையிலை."

"குனிஞ்சு பாருங்கோ."

மகனே, நான் குனிந்து பார்த்தேன். என் இடது கால் பிரேக் மிதியில் இருந்தது. பெருவிரல் மடங்கி, மிதியின் ரப்பர் வரிகளுக்கு மேல் நன்றாகச் சாய்ந்து படுத்திருந்தது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதும் அது தரையில் இருப்பதாகத்தான் எனக்குத் தெரிந்தது. கண் ஒன்று சொல்கிறது, கால் ஒன்று சொல்கிறது. கால் சொல்வதைத்தான் நான் நம்பினேன், ஆயுள் முழுக்க அதை நம்பித்தானே ஓட்டினேன். கமியோனெத்தில் இடது காலுக்குக் கிளட்ச் இருந்தது, எப்போதும் அதற்கு மேல் காலை வைத்திருந்து பழகியவன் நான். உன் காரில் கிளட்ச் இல்லை, அந்த இடம் வரை அகலமாகப் பிரேக் மிதிதான் நீண்டு கிடக்கிறது. பழைய இடத்தைத் தேடிப்போன கால் அதில் ஏறிப் படுத்துவிட்டது. செருப்புப் போட்டிருந்தால் மிதியில் தட்டுப்பட்டுச் சத்தமாவது கேட்டிருக்கும். இவ்வளவு நாளும் ஒரு காலால் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு மறு காலால் எஞ்சினை முடுக்கிக்கொண்டு பாரிசைச் சுற்றியிருக்கிறேன். வேகாமல் என்ன செய்யும் அந்தக் கட்டை?

அம்மா என் காலைக் கையால் எடுத்துத் தரையில் வைத்தாள். பின்னாலிருந்து குகன், "இப்ப லைட் நூந்திட்டுது" என்றான்.

நான் இறங்கி அவனிடம் போனேன். எனக்கு மன்னிப்புக் கேட்கும் பழக்கம் இல்லை, உனக்குத் தெரியும். அவன்தான் சிரித்தான். "நான் சில்லைத்தானே அண்ணை கழட்டிப் பாத்தனான். உங்கடை காலைக் கழட்டிப் பாக்கேல்லையே" என்றான். நானும் சிரித்தேன். அதன் பிறகு அவன் சிரிக்காமல் ஒன்று சொன்னான். "தம்பிக்கு நான் மொன்மார்த்துக்கு முதலே சொன்னனான் அண்ணை, கார் அவன் ஓட்டினால் வேகுதில்லை, நீங்கள் ஓட்டினால்தான் வேகுது எண்டு. அவன் அப்ப நம்பேல்லை. மொன்மார்த்துக்குப் பிறகு அவனே வந்து சொன்னான், அப்பாவிட்டைச் சொல்லாதேங்கோ, நான் காரை விக்கிறன் எண்டு."

இந்தக் கடிதம் எழுதவேண்டி வந்தது அந்த வார்த்தையால்தான். அம்மாவும் நானும் மெத்ரோவில் திரும்பி வந்தோம். லா ஷப்பலில் இறங்கிப் படிக்கட்டில் நின்றபோது அவள் கேட்டாள், "அவன் உங்களை எவ்வளவு கனம் பண்ணுறான் எண்டு பாத்தியளோ?" ஓம், பார்த்தேன். நீ அதைச் செய்தது அன்பால் என்பது எனக்குத் தெரியும். ஆனால், மகனே, அது எனக்கு வெக்கத்தையும் தந்தது, பயத்தையும் தந்தது. காரை விற்றிருந்தால் என்ன நடந்திருக்கும்? பெர்மி என் சட்டைப் பையில்தான் இருந்திருக்கும். யாராவது கடைக்காரன், "அண்ணை, இண்டைக்கு ஆளில்லை, கமியோனெத்தை ஒருக்கா எடுங்கோ" என்று கேட்டிருப்பான், நான் எடுத்திருப்பேன். பிழையெல்லாம் அமெரிக்கக் காரோடு போய்விட்டது என்று நினைத்து எடுத்திருப்பேன். அந்தப் பிள்ளைவண்டிக்காரி மொன்மார்த்தில்தான் இருக்கவேண்டும் என்றில்லையே.

இதை நீ எங்கே பழகினாய் என்று யோசித்தேன். தூரம் போகத் தேவையில்லை. எனக்குக் காது மந்தமான வருடம் நாங்கள் டிவியை மாற்றினோம். பழைய டிவியின் சத்தம் செத்துப்போச்சு என்று நான் சொன்னேன், வீட்டில் எல்லோரும் ஓம் என்றீர்கள். புது டிவி வந்தது, அதன் சத்தமும் எனக்குச் செத்துத்தான் கேட்டது. அதற்கு முந்திய கதை ஒன்று. நீ முதல்தரம் பக் சோதனையில், பள்ளிக்கூடக் கடைசிச் சோதனையில், விழுந்தாய். நான் ஊரெல்லாம், "பிள்ளைக்குச் சோதனையண்டு காய்ச்சல்" என்று சொல்லிவைத்தேன். சனம் சுகம் விசாரிக்க வீட்டுக்கு வந்துவிட்டது. உச்சி வெயிலில் உன் கழுத்தில் சால்வையைச் சுற்றிச் சோபாவில் இருத்தினேன். நீ இருமினாய். எவ்வளவு நன்றாக இருமினாய் என்று அம்மாவும் நானும் பிறகு சிரித்தோம். நீ சிரிக்கவில்லை, அது இப்போதுதான் எனக்கு ஞாபகம் வருகிறது. எங்கள் வீட்டில் ஒரு மனிதரிடம் குறை இருந்தால் வாய் இல்லாத ஏதாவது ஒன்றின் தலையில் அதைக் கட்டிவிடுவோம். டிவி, காய்ச்சல், சுவிட்ச், கார். மனிதருக்கு நோகாது. ஆனால் குறை அந்த மனிதரிடமே இருந்துவிடும்.

"இதை இவ்வளவு நீட்டவேணுமோ?" என்கிறாள் அம்மா. வேண்டும். ஏனென்றால் நீ குடும்பம் நடத்தப் போகிறாய். கிளேர் வேறு வீட்டில் வளர்ந்த பிள்ளை. காரை விட்டு இறங்க முதலே "உங்க காலு நடுங்குது" என்று சொன்னவள். நானும் நீயும் காரைப் பார்த்துக்கொண்டு நின்றோம், அவள் என்னைப் பார்த்தாள். அவள் உன்னிடமும் அப்படித்தான் சொல்லுவாள், நீ கோபப்படாதே. கோபம் வந்தால் கோபப்பட்டுவிட்டு, பிறகு குனிந்து பார். நீயும் அவளிடம் சொல்லப் பழகு. அவள் மனம் நோகும் என்று ஒன்றை மூடி வைக்காதே, மூடி வைப்பதற்காக உனக்குப் பிரியமான ஒன்றை விற்காதே. அவளுக்குத் தெரியவரும்போது, மூடியதும் நோகும், விற்றதும் நோகும். எனக்கு இப்போது இரண்டும் நோகிறது, அதனால்தான் சொல்கிறேன்.

டொக்டரிடம் போய் வந்துவிட்டோம். அவர் மெல்லிய நைலோன் நூல் ஒன்றால் பாதத்தைத் தொட்டு, தெரியும்போது சொல்லுங்கள் என்றார். நான் கண்ணை மூடிக்கொண்டு இருந்தேன். வெகுநேரமாகவும் தொடவில்லையே என்று கண்ணைத் திறந்தால், அவர் இடது காலை முடித்துவிட்டு நூலைச் சுற்றிக்கொண்டிருந்தார். வலது காலில் கொஞ்சம் தெரிகிறது, அதுவும் போகப்போகக் குறையும் என்றார். வாகனம் ஓட்டலாமா என்று நான் கேட்கவில்லை. அம்மா கேட்டாள். அவர் சொன்ன பதிலை அவளே உனக்குச் சொல்லட்டும். அவர் சொல்லமுதலே எனக்குத் தெரியும். பெர்மியை அன்று வந்ததும் சட்டைப் பையிலிருந்து எடுத்து அம்மாவின் பீரோவில் வைத்தேன், அவளுடைய சேலைகளுக்குக் கீழே. வெளியே போகும்போது கை தானாக நெஞ்சுப் பக்கம் போகிறது. போகட்டும்.

ஆகவே இப்படிச் செய். அந்த மனிதனை வரவேண்டாம் என்று சொல்லு. வெள்ளைக் காரையும் வேண்டாம் என்று சொல்லு. குகன் புதுக் கட்டை போட்டு வைத்திருக்கிறான், டிரம்மையும் கடைந்து சமப்படுத்திவிட்டான். கட்டைகள் டிரம்மோடு படிய, ஆளில்லாத தெருவில் கொஞ்ச நாள் மெதுவாக ஓட்டிப் பழக்கு. மிதியில் ஒரு கால்தான், வலது கால். கலியாணத்தன்று காரை நீயே ஓட்டு. மாப்பிள்ளை ஓட்டக்கூடாது என்று யாராவது சொன்னால் என்னிடம் அனுப்பு. கிளேரைப் பின் சீட்டில் பொம்மை மாதிரி இருத்தாதே, பக்கத்தில் இருக்கட்டும். வேட்டி காலில் தடக்கும், மடித்துக் கட்டு. சப்பாத்துப் போட்டுக்கொண்டு ஓட்டு. பிள்ளையார் பொறுப்பார்.

எங்களுக்கு யாரும் கார் ஒழுங்கு பண்ணவேண்டாம். தாலி கட்டி முடிந்ததும் நானும் அம்மாவும் கார் துநோர் ஸ்டேஷனில் ரெயின் ஏறினால் அடுத்த நிறுத்தம் சென் தெனி. நீங்கள் படம் எடுத்து, ஆட்களோடு கதைத்து, ஆறுதலாக வாருங்கள். உங்களுக்கு முன் நான் மண்டப வாசலில் நிற்பேன். எல்லாரும் உங்கள் முகத்தைத்தான் பார்ப்பார்கள், பொம்பிளை என்ன உடுத்திருக்கிறாள் என்று பார்ப்பார்கள். நான் முதலில் முன்சில்லைப் பார்ப்பேன். அது குலுங்காமல் இழுபடாமல் நான் நிற்கிற இடத்தில் வந்து நிற்கட்டும். அதற்குப் பிறகு நிமிர்ந்து உன் முகத்தைப் பார்க்கிறேன்.

அப்பா